அண்ணனின் வாட்ச்சில் நான் பார்த்த பழுது

பழுது என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. ஸ்கூடாய் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பிலேயே இருபத்தாறு ஆண்டுகள் ஓட்டியவன். வேலைதான் ஓய்வுபெற்றதே தவிர புத்தி ஓய்வுபெறவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட, இலையில் என்ன விழுகிறது என்று பார்க்காமல், தலைக்கு மேல் காற்றாடி ஏன் ஒரு பக்கமாக ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். "நீங்க மனுஷங்ககிட்ட பேசறதவிட மெஷின்கிட்டதான் நல்லா பேசறீங்க" என்பாள் என் மனைவி. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு காலத்தைக் கழித்துவிட்டேன்.

என் அண்ணன் பாலோ என்ற சின்ன ஊரில் தனியாக இருக்கிறார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அண்ணி தவறிய பிறகு, "என்கூட வந்துடுங்கண்ணே" என்று எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. செம்பனை எண்ணெய் ஆலையின் என்ஜின் அறையில் வாழ்க்கையைக் கழித்தவர். அந்த ஆலை அவருக்குச் சம்பளத்தோடு காது மந்தத்தையும் சேர்த்தே கொடுத்து அனுப்பியது. இடது காதில் கொஞ்சம் விழும். வலது காது சுத்தமாக இல்லை. காதுக்குப் பொருத்தும் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். சட்டியில் அப்பளம் பொரிகிற மாதிரி இரைச்சல் கேட்கிறது என்று இரண்டே நாளில் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். அதன் பிறகு அவரிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் கத்தினார்கள். கத்தக் கூச்சப்பட்டவர்கள் பேசாமலே இருந்துவிட்டார்கள்.

அவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, நடையை எண்ணிச் சொல்லும் வாட்ச் இரண்டு வாங்கினேன். எனக்கொன்று, அவருக்கொன்று. ஒரே நிறுவனம், ஒரே மாதிரி. ஒருமுறை சார்ஜ் போட்டால் இரண்டு வாரம் நிற்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. என் கையில் பன்னிரண்டு நாள் நின்றது. அண்ணன் கையில் ஒன்றரை நாள்கூட நிற்கவில்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் ஒருநாளும் என்னிடம் குறை சொல்லவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் பாலோவுக்குப் போவது வழக்கம். அப்படிப் போன ஒரு நாளில் வாட்ச் சார்ஜரில் கிடப்பதைப் பார்த்தேன். அடுத்த முறை போனபோதும் கிடந்தது.

"என்னண்ணே, எப்பப் பாத்தாலும் சார்ஜர்லேயே கெடக்குது?" என்று அவருடைய இடது பக்கம் போய்க் கத்தினேன்.

"தெனம் போடறதுதானே."

"தெனம் போடக்கூடாது. ரெண்டு வாரத்துக்கு ஒருவாட்டிதான் போடணும். இதுல ஏதோ பழுது இருக்கு."

"குளிக்கிற நேரத்துல போட்டா ஏறிடுது லா. நல்லாத்தான் இருக்கு, விடு."

நல்லாத்தான் இருக்கு என்றார். வைத்திருக்கிறவருக்கு இல்லாத குறை எனக்கு வந்தது. என் வாட்ச் பன்னிரண்டு நாள் நிற்கும்போது இது மட்டும் எப்படி ஒன்றரை நாளில் சாகும் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன்.

தொழிற்சாலையில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பதுதான். மாற்று, காத்திரு, எழுதிவை. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கிளறினால் எது சரியானது, எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாமலே போகும். அந்த ஒழுங்குப்படிதான் ஆரம்பித்தேன். வாட்ச்சின் பின்பக்கம் சார்ஜர் ஒட்டும் இரண்டு புள்ளிகளில் வியர்வையும் சோப்பும் காய்ந்து பச்சை பிடித்திருந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடைத்தேன். நிறுவனம் அனுப்பியிருந்த புதிய மென்பொருளை ஏற்றினேன். ஒருமுறை அணைத்து மறுபடி போட்டேன். இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தால் அதே ஒன்றரை நாள்.

அடுத்த முறை திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன். நிமிடத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததை அரைமணிக்கு ஒருமுறை என்று மாற்றினேன். தூங்கும்போது ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று அளக்கும் வேலையை நிறுத்தினேன். அண்ணன் ஓட்டுவது பழைய மோட்டார் சைக்கிள். தோட்டத்து மண்பாதையில் அது உதறுகிற உதறலை எல்லாம் இந்த வாட்ச் உடற்பயிற்சி என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் விழித்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. அதையும் நிறுத்தினேன். ஒரு நேரத்தில் ஒன்று என்ற பாடம் முதல் முறையே தளர்ந்து, அன்றைக்கு முழுக்க விட்டுப்போனது. பலன், ஒன்றரை நாள் இரண்டு நாளானது. அவ்வளவுதான். தும்பை விட்டு வாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் தெரிந்தது.

மூன்றாம் முறை போன அன்று, வாட்ச்சைக் கழற்றச் சொல்லாமல், அது அவர் கையில் இருக்கும்போது என்ன செய்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் திருடன் பிடிபட்டான். வாட்ச் அதிர்ந்துகொண்டே இருந்தது. அதிரும், திரை எரியும், அணையும். மறுபடி அதிரும். போனில் எந்தத் தகவல் வந்தாலும் இங்கே கையில் ஆடுகிறது.

வந்ததெல்லாம் புலனத்தில். வாட்ஸ்அப்புக்கு எங்கள் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகள் வைத்த பெயர் அது. நாங்கள் பிறந்த தோட்டம் விற்கப்பட்டு வீடுகள் இடிக்கப்பட்ட பிறகு, அங்கே இருந்தவர்கள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். விடியற்காலை ஐந்தரைக்கே தொடங்கிவிடும். ரோஜாப்பூவோடு காலை வணக்கம், முருகனோடு காலை வணக்கம், கோப்பிக் கோப்பையோடு காலை வணக்கம். அந்தக் காலத்தில் தோட்டத்தில் வேலைக்குப் போகுமுன் வரிசையில் நின்று பெயர் கொடுப்பதைப் பெரட்டு என்போம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன். என்னையும் குழுவில் சேர்த்திருந்தார்கள். இரண்டாம் நாளே வெளியேறிவிட்டேன். மனிதனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை காலை வணக்கம்தான் வேண்டும்?

வாட்ச் ஆடும்போதெல்லாம் அண்ணன் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு எழுந்தார். அடுப்பங்கரைக்குப் போய், குளிர்பெட்டியின் மேல் இருக்கும் போனை எடுத்து, கண்ணாடி மாட்டி, படத்தைத் திறந்து பார்த்து, வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். திரும்ப ஆடியது. திரும்ப எழுந்தார். அதிர்வை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போனதை எண்ணவில்லை.

அவர் எனக்குக் கோப்பி கலக்கப் போன நேரத்தில் வாட்ச்சைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கி, வந்த தகவல்களின் பட்டியலைத் தள்ளிப் பார்த்தேன். குழுவின் பெயர்தான் வரிசையாக நின்றது. நடுவில் ஒரே ஒரு தனி ஆளின் பெயர், காலை ஆறு மணிக்கு. அண்ணனுடைய பழைய சிநேகிதர். அந்தப் பெயரைப் பார்த்ததும் என் புருவம் உயர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவர்கள் இரண்டு பேரும் பேசி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஒரே வரிசை வீட்டில் வளர்ந்து, ஒன்றாக ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டி, ஒரே நாளில் ஆலையில் சேர்ந்தவர்கள். பிறகு சிநேகிதர் மூவாரில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். அப்போதும் உறவு விட்டுப்போகவில்லை. விட்டுப்போனது அவருடைய மகள் கல்யாணத்தில். பத்திரிகையைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து வைக்க வேண்டியவர், போனில் படமாக அனுப்பிவிட்டார். "சாமான் கடைக்காரன் விளம்பரம் அனுப்பற மாதிரி அனுப்பியிருக்கான். என் வாசப்படி அவனுக்குத் தெரியாதா?" என்று அண்ணன் கொதித்தார். கல்யாணத்துக்குப் போகவில்லை. அதோடு பேச்சு நின்றது. எங்கள் சனங்களில் பத்திரிகையால் அறுந்த உறவு எத்தனையோ.

அந்த மனிதரிடமிருந்து காலை ஆறு மணிக்குப் படம் வந்திருந்தது. முந்தைய நாளும் ஆறு மணிக்கு வந்திருந்தது. அதற்கு முந்தைய நாளும். ஒரு விநாடி நின்று யோசித்திருந்தால் போதும். நான் பேட்டரியை யோசித்தேன். அவர் போனை எடுத்துவந்து, வாட்ச்சுக்கான செயலியைத் திறந்து, தகவல் வந்தால் அதிர்வது என்ற இடத்தை அணைத்தேன். குழுவை மட்டும் அணைத்திருக்கலாம், மொத்தமாக அணைத்தேன். போன் அழைப்பு வந்தால் அதிர்வதையும் அணைத்தேன். அழைப்பு வந்தால்தான் போனே மணியடிக்குமே, எதற்கு இரண்டு இடத்தில் என்று தோன்றியது. இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

அண்ணனைக் கேட்கவில்லை. மெஷினைப் பழுது பார்க்கும்போது யாரைக் கேட்பது? அவர் கோப்பியோடு வந்தபோது வாட்ச்சை நானே அவர் கையில் கட்டிவிட்டு, "முடிஞ்சது, இனிமே பாருங்க" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவரும் தூக்கிக் காட்டினார்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். அதற்கிடையில் ஒருமுறைகூட சார்ஜ் போடவில்லையாம். இன்னும் கால்வாசி மிச்சமிருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. குறிப்புப் புத்தகத்தில் தேதி போட்டு, பழுது நீங்கியது என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டேன். அப்புறம் அவர் நடந்த கணக்கைப் பார்த்தேன். முன்பு இருந்ததில் பாதிக்குச் சற்றுத்தான் அதிகம்.

"என்னண்ணே, நடையே இல்லையே! சோம்பேறியாயிட்டீங்களா? டாக்டர் என்ன சொன்னாரு?" என்று பிடித்துக்கொண்டேன்.

"எங்கடா போறது நடந்து" என்றார். கோப்பியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "குரூப்புல இப்பெல்லாம் யாரும் ஒண்ணும் போடறதில்ல போல" என்றார்.

"நல்லதாப் போச்சு. தொல்லை விட்டுச்சு."

அவர் சிரித்தார். குளிர்பெட்டியின் மேல் போன் குப்புறக் கிடந்தது. அதைப் பார்த்தேன். அதுவும் நினைவிருக்கிறது. என் முன்னால் எல்லாமே எழுதி வைத்த மாதிரி இருந்தது. குறைந்த நடையும், குப்புறக் கிடந்த போனும், குழு அமைதியாகிவிட்டது என்று அவர் சொன்ன சொல்லும். ஒரு மெஷின் இத்தனை அறிகுறி காட்டியிருந்தால் நிறுத்திப் பிரித்துப் பார்த்திருப்பேன். அண்ணன்தானே என்று ஸ்கூடாய் திரும்பிவிட்டேன்.

அதற்கடுத்த முறை போனபோது அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். கோப்பி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அவன் போயிட்டான்டா" என்றார்.

"எவன்?" என்றேன். பெயரைச் சொன்னார். மூவார் சிநேகிதர்.

முந்தின நாள் பசாரில் மீன் வாங்கப் போன இடத்தில் பழைய தோட்டத்து ஆள் ஒருவர் பார்த்து, பிடித்துக் கேட்டிருக்கிறார். ஒன்பது நாளாகிறதாம். எல்லாரும் வந்திருந்தார்களாம். "நீதான் மொத ஆளா நிப்பேன்னு பாத்தோம். குரூப்புல போட்டோம், போனும் அடிச்சோம். சாவுக்குக்கூடவா வரக்கூடாது?" என்றாராம். நல்லதுக்குக் கூப்பிட்டால்தான் போக வேண்டும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டதுமே போக வேண்டும் என்பது நாங்கள் வளர்ந்த முறை. நல்லதுக்குச் சரியாகக் கூப்பிடவில்லை என்று போகாமல் இருந்தவர் அண்ணன். அது அவருடைய நியாயம். கெட்டதுக்கும் போகாமல் இருந்தால் அதற்கு எந்த நியாயமும் கிடையாது. மீனை வாங்காமலே திரும்பி வந்துவிட்டாராம்.

"இந்தப் போனக் கொஞ்சம் பாரு. எனக்குத் தொறக்க தைரியம் வரல" என்று நீட்டினார்.

திறந்தேன். குழுவில் படிக்காத தகவல்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. சிநேகிதரின் பக்கத்தைத் தொட்டேன். ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு ஒரு படம். பூ, மயில், மலை, மறுபடி பூ. எதிலும் ஒரு வார்த்தைகூட அவராக எழுதவில்லை. நாட்கள் நகர்ந்து வந்து, ஒரு நாளோடு படம் நின்றது. அந்த நாளில் எடுக்காத அழைப்புகள் ஐந்து. அதற்குக் கீழே குரலில் பேசி அனுப்பிய ஒரு தகவல்.

போனைக் காதில் வைத்து நான் முதலில் கேட்டேன். கேட்டு முடித்ததும் அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் போனை வைத்தேன். தலையை ஆட்டினார். போனில் வரும் குரல் அவருக்குப் பிரியாது.

"நீ சொல்லு. சத்தமாச் சொல்லு" என்றார்.

செத்துப்போன மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகப் பேசியதை, நான் இன்னொரு முறை ஓடவிட்டு, ஒவ்வொரு வரியாக நிறுத்தி, அண்ணன் காதில் கத்தினேன். எதிர்வீட்டுச் சீன அம்மா சண்டை என்று நினைத்து வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"டேய், நாந்தான். ஆஸ்பத்திரில படுத்திருக்கேன். நாளைக்கு நெஞ்சத் தொறக்கறாங்களாம். கொஞ்ச நாளா நான் அனுப்பற படத்த நீ பாக்கறதில்ல. முன்னெல்லாம் அனுப்பின அஞ்சு நிமிஷத்துல ரெண்டு கோடும் நீலமாயிடும். ஆ, பாத்துட்டான் கழுதன்னு சிரிச்சுக்குவேன். நீ ஒண்ணும் எழுத வேணாம்டா, அது போதும் எனக்கு. இப்ப அதுவும் இல்ல. பத்திரிகைய நேர்ல வந்து வெக்காதது தப்புதான். கோவம் தீரலன்னா இருந்துட்டுப் போ. ஒருவாட்டி தொறந்து மட்டும் பாத்துடு."

அண்ணன் போன் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு, "கழுதன்னா சொன்னான்?" என்றார்.

"ஆமாண்ணே."

"இன்னொருவாட்டி சொல்லு."

மறுபடியும் அந்த வரியைக் கத்தினேன். இந்தக் கையாலும் இந்த வாயாலும் நான் செய்த வேலைகளில் அதைவிடக் கேவலமாக நான் உணர்ந்த வேலை வேறில்லை.

அண்ணன் பேச ஆரம்பித்தார். அவரும் அந்தக் காலை ஆறு மணிக்காகக் காத்திருந்திருக்கிறார். பதில் போடக் கூடாது என்பது வைராக்கியம். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. "ஒரு நாள் திடீர்னு நின்னுபோச்சு. சரி, அவனும் நிறுத்திட்டான்னு நெனச்சேன். தொறந்து பாத்திருக்கலாம். பாத்து, அங்க ஒண்ணும் இல்லாமப் போயிட்டா? அதான் கவுத்து வெச்சுட்டேன்" என்றார். பிறகு மணிக்கட்டை என் பக்கம் நீட்டினார். "போன் அடிச்சா எனக்குத் தெரியாதுடா. இது ஆடினாத்தான் எந்திரிச்சுப் போவேன். இதான் எனக்குக் காது. இது ஏன் ஆடாமப் போச்சு?"

வாட்ச் அவருக்கு நடை எண்ணுகிற கருவியாக ஒருநாளும் இருந்ததில்லை. நாங்கள் வாங்கிக் கொடுத்த காதுக்கருவியை அலமாரியில் போட்டுவிட்டு, தனக்கு வேண்டிய காதை அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை, காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கம். அதற்கு விலையாகத்தான் தினமும் குளிக்கிற நேரத்தில் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். பேட்டரி வீணாகவில்லை. அவருக்கு அது சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

இதை அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். "நாந்தாண்ணே நிறுத்தினேன்." இரண்டே வார்த்தை. என் வாயிலிருந்து வந்தது வேறு.

"சில நேரம் இப்படித்தான் ஆகும்ணே. இங்க லைன் சரியில்ல. குடுங்க, பாக்கறேன்."

"ஓ" என்றார். வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தார். நான் அதை ஏதோ பெரிய வேலை செய்வதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, செயலியில் அணைத்ததையெல்லாம் மறுபடி போட்டுவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மூவாருக்குப் போக வேண்டும் என்றார். அன்றே கிளம்பினோம். வழியெல்லாம் அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் சாலையைப் பார்த்துக் காரை ஓட்டினேன்.

சிநேகிதரின் மகள்தான் கதவைத் திறந்தாள். யாருடைய கல்யாணத்துக்கு அண்ணன் போகவில்லையோ அந்தப் பெண். வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். "வாங்க பெரியப்பா" என்று சொல்ல வந்து, துக்க வீட்டில் வாங்க என்று சொல்லக் கூடாதே என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள். படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தார்கள். அண்ணன் அதன் முன்னால் நின்றார். அழவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

அவளுக்கு அவர் காது விஷயம் தெரிந்திருந்தது. பக்கத்தில் வந்து நன்றாக வாயைத் திறந்து பேசினாள். ஆப்பரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்வரை அவள் அப்பா போனைக் கையிலேயே வைத்திருந்தாராம். "நீலமாயிருச்சா பாரு, நீலமாயிருச்சா பாரு" என்று அவளிடம் நீட்டிக்கொண்டே இருந்தாராம்.

"ஆனா அப்பா கோவிச்சுக்கல பெரியப்பா. 'அவன் போன் பழுதாயிருக்கும்மா, இல்லன்னா பாத்திருப்பான்'னு அப்பாவேதான் சொன்னாரு."

சாகப் போகிற மனிதர், பாலோ பக்கம் வந்து பார்க்காமலே, பழுது எங்கே இருக்கிறது என்று ஏறக்குறையச் சரியாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்த எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் தலையை ஆட்டினார். "இல்லம்மா. போன் நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் தொறந்து பாக்கல. என் வீம்பு. எம் மேலதாம்மா தப்பு" என்றார். அந்தப் பெண்ணின் முன்னால், அந்தப் படத்தின் முன்னால், கையைக் கூப்பிவிட்டார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர், தன் மகள் வயதுப் பெண்ணிடம்.

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். நான்தான் நிறுத்தினேன், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னால் அந்தக் கை கீழே இறங்கியிருக்கும். அந்தப் பெண்ணும் தன் அப்பா சொன்னது சரிதான் என்று ஆறுதல்பட்டிருப்பாள். எல்லாருக்கும் நல்லது, என் ஒருவனுடைய மானம் மட்டும்தான் போகும். அந்த மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நின்றேன். அவள் ஓடிவந்து அண்ணனின் கையைப் பிடித்து இறக்கினாள். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தோம். எனக்கு அந்த வழக்கம் வசதியாக இருந்தது.

திரும்பும் வழியில், யோங் பெங் ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் செம்பனை. நான் காரை ஓட்டுகிறேன், அண்ணன் என் இடப்பக்கம். அவருடைய வலது காதுதான் என் பக்கம் இருக்கிறது, சுத்தமாகக் கேட்காத காது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஆரம்பித்தேன்.

"அண்ணே, அத நாந்தான் நிறுத்தினேன்" என்றேன். கத்தவில்லை. சாதாரணமாக, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில். "பேட்டரி சீக்கிரம் எறங்குதுன்னு நிறுத்தினேன். உங்களக் கேக்கல. மன்னிச்சுடுங்க."

சொல்லிவிட்டேன் என்று ஒரு நிம்மதி வந்தது. எவ்வளவு மட்டமான நிம்மதி அது! அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. என் வாய் அசைந்ததை அவர் ஓரக்கண்ணால் பார்த்திருக்க வேண்டும். முழு உடம்பையும் என் பக்கம் திருப்பி, இடது காதை முன்னால் கொண்டுவந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டார்.

"என்ன சொன்ன?" என்றார்.

அப்படி ஒரு தருணம் யாருக்கும் இரண்டாவது முறை கிடைக்காது. சற்று முன் சொன்ன அதே வார்த்தைகளைச் சத்தமாகச் சொன்னால் போதும். அவருடைய முகம் எனக்கு அரை முழத் தூரத்தில் இருந்தது. கண் சிவந்திருந்தது.

"எண்ணெய் ஊத்தணும்னு சொன்னேன்" என்று கத்தினேன்.

கொஞ்ச தூரத்தில் பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையம் ஒன்று வந்தது. சொன்ன வாய்க்காக உள்ளே திருப்பி நிறுத்தினேன். அண்ணன் எட்டி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் முள்ளைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க என்ஜின் அறை முள்களைப் பார்த்தே பழகிய கண்.

"நெறையத்தானே காட்டுது?" என்றார்.

"மீட்டர் பழுதுண்ணே" என்றேன்.

"அப்படியா" என்று தலையை ஆட்டிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பழுது என்று நான் சொன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.